ஜலாஷ்வா: காலி இடத்தைச் சுமந்து திரியும் கப்பல்

2020 ஜூன் 2-ஆம் தேதி தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்குள் சாம்பல் நிறத்தில், பெட்டி மாதிரி ஒரு பெரிய கப்பல் வந்து நின்றது. கொரோனாவால் பயணிகள் விமானங்கள் நின்றுபோயிருந்த நாட்கள். கப்பலில் 685 பேர். முந்தைய நாள் கொழும்பில் ஏறியவர்கள். முகக்கவசத்தோடு வரிசையாக இறங்கி, பரிசோதனைகளை முடித்துக்கொண்டு பேருந்துகளில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். செய்தியில் பார்த்த பலர் அதை ஏதோ பயணிகள் கப்பல் என்றே நினைத்திருப்பார்கள். உண்மையில் அது ஒரு போர்க்கப்பல். அதுவும் எதிரியின் கடற்கரையில் படையை இறக்குவதற்கென்றே கட்டப்பட்டது. பெயர் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா.

வயதும் கொஞ்சநஞ்சமில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இந்தக் கப்பல் முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கியது 1968 ஆகஸ்டில். அப்போது தமிழ்நாட்டில் அண்ணா முதலமைச்சர்.

கடற்படைக் கப்பல் என்றால் பீரங்கி எத்தனை, ஏவுகணை எவ்வளவு தூரம் பாயும் என்று கேட்பதுதான் நம் வழக்கம். இந்தக் கப்பலிடம் அதைக் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும். தற்காப்புக்குச் சில துப்பாக்கிகள், அவ்வளவுதான். இது சுமந்து திரிவது காலி இடத்தை. அந்தக் காலி இடத்தை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் இதன் ஐம்பது வருடக் கதையும் புரிந்துவிடும்.

படையைக் கரையில் இறக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கப்பலையே கொண்டுபோய் மணலில் முட்ட வைப்பது. அணியம் என்று நம் மீனவர்கள் சொல்லும் முன்பக்கம் கதவாகத் திறக்கும். டாங்கியும் லாரியும் நேராகக் கரையில் இறங்கும். எல்.எஸ்.டி. (LST, டாங்கி இறக்கும் கப்பல்) என்பது இந்த வகைதான். இந்தியக் கடற்படையின் மகர், கரியால், ஷார்துல், ஐராவத் எல்லாம் இதில் சேரும். கரைவரை போக வேண்டும் என்பதால் அடிப்பாகம் தட்டையாக இருக்கும். தட்டையான கப்பல் ஆழ்கடல் அலையில் தொட்டில் போல ஆடும். அதில் நாள் கணக்கில் பயணம் செய்த வீரனைக் கரையில் இறக்கிவிட்டுச் சண்டை போடு என்றால், அவன் முதலில் தலைசுற்றல் நிற்க ஓர் இடம் தேடுவான்.

இரண்டாவது வழியில் கப்பல் கரையிலிருந்து தள்ளி, ஆழமான நீரிலேயே நின்றுகொள்கிறது. அதன் வயிற்றுக்குள் சிறிய தரையிறங்கு படகுகள் இருக்கும். டாங்கி ஏற்றிய படகைக் கிரேனில் தூக்கிக் கடலில் வைப்பது பெரும்பாடு. அதற்குப் பதிலாகக் கப்பலே கொஞ்சம் மூழ்கிக் கொடுக்கிறது. பேலஸ்ட் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால் பின்பக்கம் தாழும். பின்கதவை இறக்கினால் கடல் உள்ளே வரும். கப்பலுக்குள்ளேயே ஒரு தெப்பக்குளம் தயார். படகுகள் மிதந்தபடி வெளியேறிக் கரைக்குப் போய்த் திரும்பும். எல்லாம் முடிந்ததும் அழுத்தக் காற்றைச் செலுத்தித் தொட்டி நீரை வெளியே தள்ளினால் கப்பல் மறுபடி நிமிர்ந்துகொள்ளும். இந்தக் குளத்துக்கு வெல் டெக் என்று பெயர். இது இருக்கும் கப்பல் வகைகளில் ஒன்று எல்.பி.டி. (LPD). ஜலாஷ்வா அந்த வகை.

ஜலாஷ்வாவின் நீளம் சுமார் 173 மீட்டர், முழு எடை ஏறத்தாழ 17,000 டன். நான்கு தரையிறங்கு படகுகள், ஆறு ஹெலிகாப்டர்கள், ஆயிரம் வீரர்கள் வரை கொள்ளும். அறுவைச் சிகிச்சைக் கூடங்களோடு ஒரு சின்ன மருத்துவமனையும் உள்ளேயே இருக்கிறது. இரண்டு கொதிகலன்கள், இரண்டு நீராவி டர்பைன்கள். முழு வேகத்தில் மணிக்கு 21 கடல்மைல். காலி இடமும் மருத்துவமனையும் படகும் ஹெலிகாப்டரும் ஒரே இடத்தில் இருந்தால் அதற்கு இன்னொரு பயனும் உண்டு என்பதை ஊகிப்பது கடினமில்லை. கரையில் ஆளை இறக்கும் அதே வசதி, கரையிலிருந்து ஆளை ஏற்றவும் செய்யும். இந்தக் கப்பலின் சேவைக் குறிப்பில் அப்படி ஏற்றிய கதைகள்தான் அதிகம்.

முதல் 36 வருடம் அதன் பெயர் யு.எஸ்.எஸ். ட்ரெண்டன். 1971 மார்ச் 6 அன்று அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. நியூஜெர்சி மாநிலத்தின் தலைநகரான ட்ரெண்டன் நகரத்தின் பெயர் அது. 1776 டிசம்பர் 26 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றைப் படகுகளில் கடந்து போய் எதிரியைத் திடீரென்று தாக்கிய ஊர். படகில் படையை இறக்கும் கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. அந்த டிசம்பர் 26 வேறொரு வருடத்தில், வேறொரு கடலில் இந்தக் கப்பலின் விதியை மாற்றப் போகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1971 என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வேறு அமெரிக்கக் கப்பல்கள். வங்கதேசப் போரின்போது எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலின் தலைமையில் ஒரு படையணியை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பி அமெரிக்கா மிரட்டியது அந்த டிசம்பரில்தான். ட்ரெண்டன் அந்த அணியில் இல்லை. ஆனால் அதே வருடம் அதே கடற்படையில் சேர்ந்த ஒரு கப்பல், பின்னாளில் அதே வங்காள விரிகுடாவில், விசாகப்பட்டினத்தைத் தாயகமாகக் கொண்டு, மூவர்ணக் கொடியோடு ஓடும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ட்ரெண்டனின் வாழ்வில் சண்டை என்று சொல்லத்தக்கது ஒரே ஒரு நாள்: 1988 ஏப்ரல் 18. பாரசீக வளைகுடாவில் ஈரான் வைத்த கண்ணிவெடியில் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் சிக்கி நான்கு நாள் ஆகியிருந்தது. பதிலடியாக ஈரானின் சாசன் எண்ணெய் மேடையைத் தாக்கிய மூன்று கப்பல்களில் ட்ரெண்டனும் ஒன்று. மற்ற இரண்டும் பீரங்கியால் சுட்டன. மரைன் வீரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் மேடையில் இறங்கி வெடிகுண்டு வைத்துத் தகர்த்தார்கள். ட்ரெண்டனைச் சேர்ந்த ஒரு கோப்ரா ஹெலிகாப்டர் அன்றிரவு கடலில் விழுந்து இருவர் இறந்தார்கள். அன்றைய நடவடிக்கையில் அமெரிக்கத் தரப்பில் போன உயிர்கள் அவை இரண்டும்தான்.

மூன்று வருடம் கூட ஆகவில்லை, மொகதிஷு வந்தது. என்னைக் கேட்டால் இந்தக் கப்பலின் அமெரிக்க வாழ்க்கையில் உச்சம் அதுதான். 1991 ஜனவரி. உலகத்தின் கண் முழுவதும் குவைத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்து சோமாலியாவில் அரசு சரிந்துகொண்டிருந்தது. தலைநகரில் தெருச்சண்டை, விமான நிலையம் போகவே வழியில்லை. அமெரிக்கத் தூதரகத்துக்குள் பல நாட்டு மக்கள் தஞ்சம் புகுந்துவிட்டார்கள். ஓமான் அருகே வளைகுடாப் போருக்காகக் காத்திருந்த அணியிலிருந்து குவாம், ட்ரெண்டன் என்ற இரண்டு கப்பல்களை மட்டும் பிரித்துத் தெற்கே விரட்டினார்கள்.

கப்பல் போய்ச் சேரும்வரை தூதரகம் தாங்காது என்ற நிலை. எனவே ஜனவரி 5 அதிகாலையில், கரைக்கு இன்னும் 466 கடல்மைல் இருக்கும்போதே, ட்ரெண்டனின் தளத்திலிருந்து இரண்டு பெரிய ஹெலிகாப்டர்கள் கிளம்பின. அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் பறக்க எரிபொருள் போதாது. நடுவானில், டேங்கர் விமானத்திலிருந்து நிரப்பிக்கொண்டே போனார்கள். ஒருமுறை ஹெலிகாப்டருக்குள் எரிபொருள் குழாய் விட்டுப்போய் உள்ளே இருந்த வீரர்கள் மேலேயே எரிபொருள் கொட்டியது. அப்புறம் ஊருக்கு மேலே வந்து பார்த்தால் தூதரகத்தைக் காணோம். விமானிகள் கையில் இருந்தது 1969-ஆம் வருட வரைபடம். தூதரகம் எப்போதோ இடம் மாறிவிட்டது! ஒருவழியாகக் கண்டுபிடித்து, சுமார் அறுபது பேர் கொண்ட காவல் அணியை இறக்கிவிட்டு, முதல் தவணையாக 61 பேரை ஏற்றிக்கொண்டு கப்பலுக்குத் திரும்பினார்கள். மீதிப் பேரை அன்று நள்ளிரவில், கப்பல்கள் நெருங்கி வந்த பிறகு, குவாமின் ஹெலிகாப்டர்கள் இருட்டிலேயே எடுத்து வந்தன. மொத்தம் 281 பேர், 30 நாட்டினர். அதில் சோவியத் தூதரும் ஒருவர். பனிப்போரின் கடைசி மூச்சு ஓடிக்கொண்டிருந்த வருடத்தில், பனிப்போருக்காகக் கட்டிய கப்பல்கள் அவரைக் காப்பாற்றின. மஸ்கட் போகும் வழியில் குவாமில் ஒரு குழந்தையும் பிறந்தது.

2006 ஜூலையில் இஸ்ரேல் லெபனான் மீது குண்டு வீசியபோது பெய்ரூட்டில் சிக்கிய அமெரிக்கர்களை ஏற்றி சைப்ரஸ் கொண்டுபோனது ட்ரெண்டன். அமெரிக்கக் கொடியின் கீழ் அது செய்த கடைசிப் பெரிய வேலையும் ஆளை ஏற்றி வந்ததுதான்.

இப்போது அந்த டிசம்பர் 26-க்கு வரலாம். 2004-ஆம் வருடம். நாகப்பட்டினத்தையும் கடலூரையும் கன்னியாகுமரியையும் அந்தமானையும் சுனாமி புரட்டிப் போட்ட நாள். நம் கடற்படை அன்று வேகமாகவே இயங்கியது. உள்ளூரோடு நிற்காமல் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேஷியாவுக்கும் உதவிக் கப்பல்கள் போயின. ஆனால் ஒரு குறை வெளிப்பட்டது. ஜெட்டி உடைந்து, துறைமுகம் மண்மூடிக் கிடக்கும் இடத்தில் பெரிய அளவில் பொருளும் ஆளும் இறக்கக் கடற்படையிடம் தோதான கப்பல் இல்லை. போர்க்கப்பல் நிறைய இருந்தது, காலி இடம் இல்லை. எல்.பி.டி. வேண்டும் என்ற பேச்சு வலுத்தது அதற்குப் பிறகுதான்.

அமெரிக்கா ட்ரெண்டனைக் கழிக்கத் தயாராக இருந்தது. இந்தியா ஏறத்தாழ 4.8 கோடி டாலருக்குக் கப்பலையும், தனியாக ஏறத்தாழ 4 கோடி டாலருக்கு ஆறு சீ கிங் ஹெலிகாப்டர்களையும் வாங்கியது. 2007 ஜனவரியில் நார்ஃபோக் துறைமுகத்தில் அமெரிக்கக் கொடி இறங்கியது. அதே ஊரில் ஜூன் 22 அன்று ஐ.என்.எஸ். ஜலாஷ்வா என்ற பெயரில் இந்தியக் கொடி ஏறியது. அமெரிக்கக் கடற்படையிடமிருந்து இந்தியா வாங்கிய முதல் போர்க்கப்பல் இது. பெயரைப் பிரித்தால் ஜலம், அஸ்வம், நீர்க்குதிரை. செப்டம்பரில் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தபோது விராட் விமானந்தாங்கிக்கு அடுத்தபடி நம்மிடம் இருந்த பெரிய போர்க்கப்பல் இதுதான்.

வந்த வேகத்தில் திட்டும் விழுந்தது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், சி.ஏ.ஜி., 2008-இல் தந்த அறிக்கை இந்த வாங்கலைக் கடுமையாகவே விமர்சித்தது. அவசரத்தில் வாங்கியிருக்கிறீர்கள், கப்பலின் நிலையைச் சரியாக ஆராயவில்லை, மீதி ஆயுள் குறைவு, நவீனப்படுத்த லாயக்கில்லை என்று அமெரிக்கக் கடற்படையே முடிவு செய்த கப்பல் இது. இன்னொரு குத்தல்: தாக்குதலுக்குப் பயன்படுத்தக் கட்டுப்பாடு உண்டு, அமெரிக்கா வந்து பொருட்களைச் சோதித்துப் பார்க்கவும் ஒப்பந்தம் இடம் தருகிறது. காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்குப் பழைய சொந்தக்காரர் வந்து அலமாரியைத் திறந்து பார்ப்பேன் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் இது பெரிய விவாதமானது.

அதற்கு முன்பே ஒரு துயரம் நடந்துவிட்டது. 2008 பிப்ரவரி தொடக்கத்தில், அந்தமான் நிக்கோபார் கடலில் கப்பல் இருந்தபோது ஹைட்ரஜன் சல்பைடு வாயு தாக்கி ஓர் அதிகாரியும் ஐந்து மாலுமிகளும் இறந்தார்கள். இந்த வாயு நமக்கு அந்நியமில்லை. பாதாளச் சாக்கடையில் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள் என்று செய்தி வரும்போது பெரும்பாலும் குற்றவாளி இதுதான். காற்றுப் புகாமல் தேங்கிய கழிவுநீரிலும் கடல்நீரிலும் பாக்டீரியாக்கள் உண்டாக்குவது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. சில நொடிகளில் ஆள் சாய்ந்துவிடுவார், தூக்கப் போகிறவரும் சாய்வார். குழாய்களும் தொட்டிகளும் மூடிய அறைகளுமாக இருக்கும் எந்தக் கப்பலிலும் இந்த ஆபத்து உண்டு. பழைய கப்பலை வாங்குகிறவர் அதன் குழாய்களையும் சேர்த்தே வாங்குகிறார்.

சரி, வாங்கியது தப்பா? சி.ஏ.ஜி. எழுப்பிய கேள்விகள் ஒவ்வொன்றும் நியாயமானவை. கடற்படைக்கும் ஒரு பதில் இருந்தது. இந்த அளவில் ஒரு கப்பலைப் புதிதாகக் கட்ட வருடக்கணக்காகும், செலவும் பல மடங்கு. அதைவிட முக்கியம், வெல் டெக் கப்பலை எப்படி ஓட்டுவது, குளத்தை எப்படி நிரப்புவது, படகையும் ஹெலிகாப்டரையும் ராணுவத்தையும் எப்படி ஒருங்கிணைப்பது என்று நம்மிடம் யாருக்கும் பழக்கம் இல்லை. அது புத்தகத்தில் வராது. நீராவி எஞ்சின் மட்டும் நம் ஆட்களுக்குப் பழகிய விஷயம். விராட்டே நீராவியில் ஓடியதுதான். அடுத்துவரும் கப்பல்களுக்கான பயிற்சிக்கூடம் என்று பார்த்தால் விலை மலிவு என்றுதான் நான் சொல்வேன். அந்த அடுத்த கப்பல்கள் வந்ததா என்பது வேறு கேள்வி.

2011-இல் லிபியா எரிந்தபோது ஜலாஷ்வாவை மத்தியதரைக் கடல்வரை அனுப்பினார்கள். அந்த மீட்பில் தூத்துக்குடிக்காரர்களுக்கு ஒரு சுவாரசியம் உண்டு. பெங்காசியிலிருந்து இந்தியர்களை அள்ளிக்கொண்டு அலெக்சாண்டிரியா போன வாடகைக் கப்பலின் பெயர் ஸ்கோஷியா பிரின்ஸ். அதே கப்பல்தான் சில மாதங்களில் தூத்துக்குடி–கொழும்பு பயணிகள் சேவைக்கு வந்தது. வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்ட தடத்தில் மறுபடியும் ஒரு கப்பல் என்று ஊரே பூரித்தது. அந்த நவம்பரிலேயே சேவை நின்றும் போனது. அதனால்தான் 2020-இல் கொழும்பில் சிக்கியவர்கள் வீடு திரும்ப ஒரு போர்க்கப்பல் வர வேண்டியிருந்தது என்று ஒரு பெருமூச்சோடு சேர்த்துக்கொள்ளலாம்.

2020 மே மாதம் தொடங்கிய அந்த நடவடிக்கைக்குச் சமுத்ர சேது என்று பெயர். ஜலாஷ்வா முதலில் மாலத்தீவின் மாலேயில் 698 பேரை ஏற்றி மே 10-இல் கொச்சி வந்தது. அவர்களில் 19 பேர் கர்ப்பிணிகள். அடுத்த வாரமே மறுபடி மாலே போய் 588 பேர். ஜூனில் கொழும்பிலிருந்து 685, பிறகு மாலேயிலிருந்து 700. இரண்டு முறையும் இறங்கியது தூத்துக்குடியில். கடைசியாக ஈரானின் பந்தர் அப்பாஸ் போய் 687 பேரோடு ஜூலை 1-இல் மீண்டும் தூத்துக்குடி. அதில் நிறையப் பேர் தமிழ்நாட்டு மீனவர்கள். ஈரான் முதலாளிகளின் படகில் கூலிக்கு மீன்பிடிக்கப் போய், வேலையும் நின்று, சாப்பாட்டுக்கே திண்டாடிக் கிடந்தவர்கள். இடம் போதாமல் சிலர் அங்கேயே விடப்பட்டதாகவும் அப்போது செய்தி வந்தது. கப்பலைக் கண்ணால் பார்த்துவிட்டு ஏற முடியாமல் நிற்பது எப்படியிருந்திருக்கும்!

இந்த எண்களைக் கூட்டினால் 3,358. சமுத்ர சேதுவில் நான்கு கப்பல்கள் 55 நாட்களில் அழைத்து வந்தது மொத்தம் 3,992 பேர். அதாவது ஆறில் ஐந்து பங்கை இந்தக் கிழட்டுக் கப்பல் ஒன்றே சுமந்தது. மகர், ஷார்துல், ஐராவத் மூன்றும் வயதில் இளையவை, ஆனால் ஒரு பயணத்துக்கு அவை ஏற்றியது 200 பேரை ஒட்டித்தான். குறை அவற்றிடம் இல்லை. தொற்றுக் காலத்தில் ஆட்களை நெருக்கிப் போட முடியாது. ஒரே காற்றைச் சுற்றிச் சுற்றி அனுப்பும் போர்க்கப்பல் காற்றோட்டத்தில் ஒருவர் இருமினால் எல்லோருக்கும் பரவலாம். பயணிகள் ஒரு பக்கம், மாலுமிகள் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைக்க அகலமும் தளங்களும் வேண்டும். ஆயிரம் வீரர்களுக்காகக் கட்டிய கப்பலில் அது இருந்தது. அடுத்த வருடம் இரண்டாவது அலையில் நாடு ஆக்சிஜனுக்குத் தவித்தபோது அதே வயிற்றில் புரூனையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆக்சிஜன் தொட்டிகள் விசாகப்பட்டினம் வந்தன.

படையை இறக்கும் பழைய வேலையை அது மறந்துவிட்டதா என்றால், பயிற்சியில் செய்கிறது. 2019 நவம்பரில் இந்தியாவும் அமெரிக்காவும் முதன்முறையாக முப்படைகளோடு விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் நடத்திய டைகர் டிரையம்ஃப் பயிற்சியில் ஜலாஷ்வாதான் நம் பக்கத்து முக்கியக் கப்பல். தாக்குதலுக்குக் கட்டுப்பாடு என்று எந்த நாட்டின் ஒப்பந்தத்தைப் பற்றிச் சண்டை போட்டோமோ, அந்த நாட்டு வீரர்களோடு சேர்ந்தே காக்கிநாடா மணலில் இறங்கும் பயிற்சி. பயிற்சியின் கரு, இயற்கைப் பேரிடரில் உதவுவது.

புதிய எல்.பி.டி.க்களின் கதை சுருக்கமானது. நான்கு கப்பல் கட்டத் தனியார் தளங்களிடம் விலைப்புள்ளி கேட்டார்கள். பல வருடம் இழுத்து 2020-இல் கைவிட்டார்கள். 2021-இல் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து விவரம் கேட்டார்கள். இதற்கிடையில் 1987-இல் சேர்ந்த மகர் 2023 மே மாதம் ஓய்வு பெற்றுவிட்டது. அமெரிக்காவில் ட்ரெண்டனின் உடன்பிறப்புகளில் கடைசியாக ஓடிக்கொண்டிருந்த பான்ஸ் 2017-இலேயே நின்றுவிட்டது.

2024 மார்ச்சில் டைகர் டிரையம்ஃப் மறுபடி நடந்தபோது அமெரிக்கா அனுப்பிய கப்பல் யு.எஸ்.எஸ். சோமர்செட். 2014-இல் கடற்படையில் சேர்ந்தது, வெல் டெக் உள்ளது. ட்ரெண்டன் மாதிரிக் கப்பல்கள் கிழடாகிவிட்டன, அவற்றை மாற்ற வேண்டும் என்று அமெரிக்கா கட்டிய வரிசையைச் சேர்ந்தது அது. அந்தக் கப்பலோடு அதே பயிற்சியில், இரண்டு கொதிகலன்களையும் எரியவிட்டுக்கொண்டு, ஓடியது பழைய ட்ரெண்டன்.